சமையலறைச் செலவைக் குறைத்து மகளின் கல்லூரிக்கு மாதம் 5,500 ரூபாய் சேர்க்க இயலுமா?

வைகைக்கரை
2025 ஜூன் 3

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். கணவர், மாமியார், இந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்குச் சென்றிருக்கும் மகள், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன், நான் என வீட்டில் ஐந்து பேர். மகள் 2028 ஜூன் மாதம் கல்லூரியில் சேர வேண்டும். அதற்குள் இரண்டு லட்சம் ரூபாயாவது கையில் இருந்தால்தான் யாரிடமும் கடன் கேட்காமல் முதலாண்டுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் சமாளிக்க முடியும் என்று நினைக்கிறேன். இரண்டு லட்சத்தை 36 மாதங்களால் வகுத்துப் பார்த்தேன். மாதம் 5,500 ரூபாய்க்கு மேல் வருகிறது.

கணவரின் சம்பளம் 32,000. நான் ரவிக்கை தைத்துச் சராசரியாக 3,500 ஈட்டுகிறேன். வீட்டு வாடகை 8,000, மகனின் பள்ளிக் கட்டணமும் வேன் கட்டணமும் மாதத்துக்கு 3,500, வண்டிக் கடன் தவணை 2,600, பெட்ரோல் 2,000, மின்சாரமும் கைப்பேசியும் 1,200, மாமியாரின் மருந்து 1,400. பால், எரிவாயு உட்பட அடுப்படிக்கு மட்டும் 14,500 ஆகிறது. எல்லாம் போக 2,300 மிஞ்ச வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் நூறு ரூபாய்த் தாள் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.

மற்ற செலவுகளில் கை வைக்க இடமில்லை. ஆகவே அடுப்படியிலிருந்துதான் 5,500 ரூபாயை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். முதற்கட்டமாகப் பாலைப் பாதியாகக் குறைத்து, முட்டையை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். சிக்கனமாகக் குடும்பம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


நாகமலை அம்மா
2025 ஜூன் 3

மகளே, பாலையும் முட்டையையும் முதலில் தொடாதே. வளரும் இரண்டு பிள்ளைகள் தின்கிற பொருளில் கை வைத்து அவர்களுடைய படிப்புக்குப் பணம் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போதைய விலையில் ஒரு முட்டை ஆறு ரூபாய்க்கு அக்கம்பக்கமாகக் கிடைக்கிறது. அந்த ஆறு ரூபாய்க்கு அதைவிட நல்ல பண்டம் எந்தக் கடையிலும் இல்லை.

நீ அடுப்படிச் செலவு என்று எழுதியிருக்கும் 14,500 எதில் எதில் போகிறது என்று உனக்கே தெரியுமா? தெரிந்திருந்தால் பிரித்து எழுதியிருப்பாய். சென்ற மாதச் சிட்டைகள், கைப்பேசியில் பணம் செலுத்திய விவரம் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, மளிகை, பால், எரிவாயு, காய்கனி, கறிமீன், மாவுப் பாக்கெட், வெளிச்சாப்பாடு என்று ஏழு கூறாக்கி எழுது. எழுதிய பிறகு பேசுவோம்.


தல்லாகுளம்
2025 ஜூன் 3

அஞ்சல் நிலையத்தில் மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள் சகோதரி. இப்போது 8.2 விழுக்காடு வட்டி தருகிறார்கள். அதைவிட நல்ல திட்டம் வேறு கிடையாது.


கணக்குப்பிள்ளை
2025 ஜூன் 4

தல்லாகுளம் நண்பர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் கணக்கைப் பெண் குழந்தைக்குப் பத்து வயது முடிவதற்குள் தொடங்கியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவிக்கு அந்த வாசல் அடைபட்டுவிட்டது.

சகோதரியின் கணக்கில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும். முதலாவது, சேமிப்புக்கு வட்டி உண்டு என்பதை அவர் சேர்க்கவில்லை. இரண்டாவது, வண்டிக் கடன் என்று ஒன்று இருக்கிறது. அது என்றாவது முடியும். எப்போது முடிகிறது என்று சொன்னால் வழி தெளிவாகும். மேலும், மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்? ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வருகிறார் என்றால், கல்லூரியில் சேர்ந்த பின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பர் 5 முதல் நடைமுறையில் உள்ள திட்டம் அது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பதால், மேல்நிலைக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் இதையும் தராசின் மறு தட்டில் வைத்துப் பாருங்கள்.


வைகைக்கரை
2025 ஜூன் 4

நாகமலை அம்மா சொன்னபடி நேற்று இரவு உட்கார்ந்து பிரித்தேன். அரிசி உட்பட மளிகை 4,900. நீல நிறப் பாக்கெட் நாளைக்கு மூன்று வீதம் பால் 1,800. எரிவாயு 900. காய்கனி 2,000. கறியும் மீனும் 2,000. மாவுப் பாக்கெட் 900. கடைசிக் கூறுதான் எனக்கு அதிர்ச்சி தந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவில் வாங்கும் பரோட்டா, மாலை வேளையில் வாங்கும் வடை, பஜ்ஜி, மகன் தினமும் வாங்கித் தின்னும் பத்து ரூபாய்ப் பொட்டலங்கள் எல்லாம் சேர்ந்து 2,000 ரூபாய். நாங்கள் உணவகத்துக்குப் போகிற பழக்கமே இல்லாதவர்கள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு: வண்டிக் கடன் வரும் 2026 பிப்ரவரியோடு முடிகிறது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில்தான் படிக்கிறாள். அந்தத் திட்டத்துக்கு மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்கில் சேரும் என்று தலைமையாசிரியை சொன்னதாகச் சொல்கிறாள். எங்களிடம் அரிசி அட்டை இருக்கிறது. ஆனால் ரேஷன் அரிசியை வாங்கி வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறோம். வரிசையில் நிற்கச் சலித்துக்கொண்டு பருப்பும் எண்ணெயும் பல மாதங்கள் வாங்குவதே இல்லை.


கணக்குப்பிள்ளை
2025 ஜூன் 5

அப்படியானால் உங்களுக்கு அடுப்படியிலிருந்து 5,500 தேவையே இல்லை.

இந்த மாதம் பத்தாம் தேதிக்குள், சம்பளம் வரும் வங்கியிலேயே மாதம் 3,000 ரூபாய்க்கு 36 மாதத் தொடர் வைப்பு (ஆர்.டி.) ஒன்றைத் தொடங்குங்கள். வட்டி ஆண்டுக்கு ஆறரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 2028 ஜூனில் ஏறத்தாழ 1,19,000 கிடைக்கும். வண்டிக் கடன் முடிந்த மறுமாதம், அதாவது 2026 மார்ச்சில், அந்தத் தவணைப் பணத்தில் 2,500 ரூபாயை இன்னொரு தொடர் வைப்பாகப் போடுங்கள். 27 மாதங்களில் அது 72,000 ரூபாயைத் தாண்டும். இரண்டும் சேர்ந்தால் 1,91,000 ரூபாய்க்கு மேல். குறைகிற எட்டாயிரத்துச் சொச்சத்தை மூன்று ஆண்டு தீபாவளி போனஸில் நிரப்பிக்கொள்ளலாம்.

அஞ்சலகத் தொடர் வைப்புக்கு வட்டி 6.7 விழுக்காடு என்று சொல்லி யாராவது உங்களை அங்கே அனுப்பக்கூடும். நல்ல திட்டம்தான், ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம். மூன்றாண்டு முடிந்ததும் இடையில் மூடினால் சேமிப்புக் கணக்குக்குரிய 4 விழுக்காடுதான் கைக்கு வரும். உங்கள் மகனுக்கு அது பொருந்தும்; மகளுக்குப் பொருந்தாது.

இனி அந்த 3,000 எங்கிருந்து வரும் என்பதைப் பார்ப்போம். நீங்கள் எழுதிய கணக்கின்படி ஏற்கெனவே 2,300 மிஞ்ச வேண்டும். அது எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், தேடினாலும் அகப்படாது. சம்பளம் வந்த மறுநாளே தானாகக் கழிந்துபோகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டால், இல்லாத பணத்தை யாரும் செலவழிக்க மாட்டார்கள். அடுப்படியில் 14,500 ரூபாயை 13,000 ஆக்கினால் போதும். அப்போது கையில் நிற்பது 3,800. அதில் 3,000 வைப்புக்கு, 500 ஆண்டுக்கொருமுறை வாங்கும் புளி, மிளகாய் முதலியவற்றுக்கு, 300 திடீர்ச் செலவுக்கு. இந்த 1,500 ரூபாயைக் குறைக்கும் வித்தையை நாகமலை அம்மாதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் காகிதச் சமையல்தான்.


நாகமலை அம்மா
2025 ஜூன் 5

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். சமையலறையில் அளக்க வேண்டியவை துவரம்பருப்பு, எண்ணெய், உளுந்து, தேங்காய் ஆகிய நான்குதான். மற்றவற்றை அளந்து மிச்சம் பிடிப்பது உப்பை எண்ணிப் போடுவதற்குச் சமம், மெனக்கெடத் தேவையில்லை.

பருப்பிலிருந்து தொடங்குகிறேன். ஐந்து பேருக்கு ஒரு வேளைச் சாம்பாருக்கு நீ 200 கிராம் போடுவாய் என்று நினைக்கிறேன். 125 கிராம் போட்டு, அதோடு ஒரு கீற்றுப் பரங்கிக்காயைத் தோல் சீவிச் சேர்த்து வேகவைத்து மசித்துப் பார். குழம்பின் பிடிப்பு குறையாது, சாம்பாருக்கு இலேசான இனிப்பும் வரும். வாரத்துக்கு இரண்டு நாள் சாம்பார் என்று வரையறுத்துக்கொண்டால் மாதத்துக்கு எட்டுச் சாம்பார். எட்டு முறை 125 கிராம் என்றால் சரியாக ஒரு கிலோ. ரேஷன் கடையில் அட்டைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குத்தானே கொடுக்கிறார்கள்? வெளியில் அதே பருப்புக்கு நான்கு மடங்குக்கு மேல் கொடுக்கிறோம். மற்ற நாள்களுக்குத் தட்டைப்பயற்றுக் குழம்பு, மொச்சை போட்ட புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, வாரம் ஒருநாள் கொள்ளு ரசம். கொள்ளை வேகவைத்த நீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, வெந்த கொள்ளில் வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துப் போட்டால் அன்றைய மாலைச் சிற்றுண்டிக்குச் சுண்டல் ஆயிற்று. வரிசையில் நிற்கச் சலிப்பு என்று எழுதியிருக்கிறாயே, பருப்புக்கும் பாமாயிலுக்கும் சேர்த்து அரை மணி நேரம் நின்றால் இருநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். அரை மணி நேரத்தில் உன்னால் இருநூறு ரூபாய்க்கு ரவிக்கை தைக்க முடியுமானால் நிற்க வேண்டாம்.

எண்ணெய்க்கு ஒரே வழிதான் உண்டு. பெரிய டின்னை மேலே ஏற்றிவைத்துவிட்டு, தினமும் காலையில் 100 மில்லி மட்டும் ஒரு சிறு குப்பியில் ஊற்றிக்கொள். அன்றைய தாளிப்பும் தோசையும் பொரியலும் அதற்குள் முடிய வேண்டும். மாதத்துக்கு மூன்று லிட்டர். முதல் வாரம் மாலை நான்கு மணிக்கே குப்பி காலியாகிவிடும். இரண்டாம் வாரத்திலிருந்து இரவுத் தோசைக்கு மிஞ்சும்.

தேங்காய் விற்கிற விலைக்கு அதைத் தினமும் சட்னிக்கு அரைப்பது இந்த ஆண்டு கட்டுப்படியாகாது. பொட்டுக்கடலையும் பச்சைமிளகாயும் வைத்து மதுரைத் தண்ணீர்ச் சட்னி செய். அது உன் ஊர்ப் பதார்த்தம், நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வேர்க்கடலைச் சட்னி, பீர்க்கங்காய்த் தோல் துவையல், எள்ளுப்பொடி என்று மாற்றி மாற்றி வை. பீர்க்கங்காய்த் தோலை எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

இனி மாவு. உங்கள் வீட்டில் மாதத்துக்குப் பதினெட்டுப் பாக்கெட்டாவது வாங்குகிறீர்கள் என்று கணக்கிடுகிறேன். வீட்டில் கிரைண்டர் இருந்தால் இதைச் செய்: ரேஷன் புழுங்கலரிசி மூன்று டம்ளர், கடையில் வாங்கும் இட்லி அரிசி ஒரு டம்ளர், முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. ரேஷன் அரிசியைத் தவிடும் வாடையும் நீங்கும் வரை ஐந்து தண்ணீர் கழுவு. கழுவும்போது மற்றவற்றைவிடச் சற்று வெளிறிய சில அரிசிகள் மேலே மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சிக் களைந்துவிடாதே. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி அது. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருக்கும். உளுந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்காதே. குளிர்ந்த நீரைக் கை கையாகத் தெளித்து அரைமணி நேரம் அரை. ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரிசியைக் கொரகொரப்பாக அரைத்து எடுத்துக் கையால் கலக்கிவை. இந்த அளவுக்கு மூன்று கிலோ மாவுக்குக் குறையாது. செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டினால் என்னைக் கேள். பொங்கிய மாவை அடியோடு கலக்காமல் குளிர்பெட்டியில் வைத்து, முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, நான்காம் நாள் சின்ன வெங்காயம் நறுக்கிப்போட்டுப் பணியாரம்.

காய்கறிக்கு அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போகிறாயா? தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே அதுதான், 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது. காலையில் பலகையில் அன்றைய விலையை எழுதிப்போடுவார்கள். பலகையைப் பார்த்துவிட்டு என்ன குழம்பு என்று முடிவு செய்ய வேண்டுமே தவிர, குழம்பை முடிவு செய்துகொண்டு சந்தைக்குப் போகக் கூடாது. என்னைப் பொறுத்தவரை பாதிச் சிக்கனம் இந்த ஒரு பழக்கத்தில்தான் இருக்கிறது.

கறி மீனுக்கு ஒன்று சொல்கிறேன். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இன்னும் பத்து நாள் பொறுத்து, படகுகள் போய்வந்த பிறகு வாங்கு. மத்தியும் நெத்திலியும் வஞ்சிரத்துக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல, விலையில் மட்டும்தான் குறைவு.


செல்லூர்த் தறி
2025 ஜூன் 6

வணக்கம். அடுப்படி பற்றி அம்மா சொன்னதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. எரிவாயு பற்றி மட்டும் சேர்க்கிறேன். உருளையை மாற்றும் நாளில் அதன் மேலேயே சுண்ணக்கட்டியால் தேதியை எழுதுகிறேன். முன்பு எங்கள் வீட்டில் 32 நாள் வந்துகொண்டிருந்த 14.2 கிலோ உருளை, அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்தும், குக்கரில் கீழே பருப்பு, மேல் அடுக்கில் அரிசி, அதற்கும் மேல் காய் என்று ஒரே ஆவியில் வேகவைத்தும், முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கியும் இப்போது 40 நாளைத் தொடுகிறது.

மற்றொன்று எச்சரிக்கை. சேமிக்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் நடக்கும் தீபாவளிப் பலகாரச் சீட்டில் சேர்ந்துவிடாதீர்கள் அக்கா. எங்கள் தெருவில் பத்தாண்டாக ஒழுங்காக நடந்துவந்த சீட்டு அது; நடத்தியவர் தங்கமான மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். மாதம் 1,000 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினேன். ஐப்பசி பிறந்ததும் வீடு பூட்டிக் கிடந்தது. காவல் நிலையத்துக்குப் போனபோது, சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. 1982ஆம் ஆண்டின் சிட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் சீட்டு நடத்தக் கூடாது என்பதை 12,000 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இப்போது எனக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்தை வந்த அன்றே அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டுவிடுகிறேன். ஐந்தாண்டு முடியும்போது 60,000 கட்டியதற்கு 71,000 ரூபாய்க்கு மேல் வரும் என்று அஞ்சலகத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.


வைகைக்கரை
2025 ஆகஸ்ட் 18

இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்தருள வேண்டும்.

தொடர் வைப்பை ஜூன் 10 அன்றே தொடங்கிவிட்டோம். மூன்று தவணைகளும் தவறாமல் கழிந்துவிட்டன. ஆனால் அடுப்படி சொன்னபடி கேட்கவில்லை. ஜூனில் 13,900 ஆகிவிட்டது. வைப்புக்குப் பணம் போய்விட்டதால் மாதக் கடைசி நான்கு நாள் உண்மையாகவே கைப்பிடிப்பாகத்தான் இருந்தது. மாமியார் தம் முடிச்சிலிருந்து 400 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். வாங்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜூலையில் 13,100 ரூபாய்க்கு இறக்கிவிட்டேன், மாமியாருக்குக் கொடுக்க வேண்டியதையும் கொடுத்துவிட்டேன்.

ஜூனில் பிசகியது மாவில்தான். வாரம் இருமுறை கிரைண்டரைக் கழுவுவதற்கு அலுத்துக்கொண்டு ஒரேயடியாக எட்டு டம்ளர் அரிசி போட்டு அரைத்தேன். வெயிலுக்கு இரவோடு இரவாகப் பொங்கி வழிந்து, இரண்டாம் நாளே வாயில் வைக்க முடியாத புளிப்பு. தோசை வார்த்தால் கணவர் தட்டை நகர்த்திவைத்துவிட்டு வெளியே போய்ச் சாப்பிட்டு வந்தார். இரண்டு கிலோவுக்கு மேல் மாவு கொட்டிப் போனது. ரேஷன் அரிசி என்பதால்தான் இப்படி என்று மாமியாரும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பிறகு அம்மா சொன்ன நான்கு டம்ளர் அளவுக்கே திரும்பி, வெயில் நாளில் ஆறு மணி நேரத்தில் எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தேன். இந்த முறை ரேஷன் அரிசி என்று யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து மாமியாரே, இந்த இட்லி அரிசி எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

எண்ணெய்க் குப்பி நன்றாக வேலை செய்கிறது. பரோட்டாவை முழுதாக நிறுத்த முடியவில்லை. மாதம் இரண்டு ஞாயிறு என்று வைத்திருக்கிறோம். மகனின் பொட்டலத்துக்கு மாற்றாகக் கடலை மிட்டாயும் சுண்டலும் கொடுத்துப் பார்க்கிறேன்; சுண்டலுக்கு முகம் சுளிக்கிறான், கடலை மிட்டாய்க்கு இல்லை. மகளுக்குப் பள்ளியிலேயே சத்துணவும் முட்டையும் உண்டு. பத்தாம் வகுப்பு என்பதால் இதுவரை வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலிருந்தே கொண்டுபோனாள். இப்போது தோழிகள் இருவரோடு சேர்ந்து வாரம் மூன்று நாள் அங்கேயே சாப்பிடுகிறாள். நான் வற்புறுத்தவில்லை. அவளுடைய கல்லூரிக்காக இந்தக் கணக்கு நடக்கிறது என்பதை அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு மனமாக இருந்தேன். ஒருநாள் என் கணக்கு நோட்டை அவளே எடுத்துப் பார்த்துவிட்டாள்.

இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆண்டுக் கொள்முதலுக்கென்று ஒதுக்கிய 500 வீதம் 1,500 ரூபாய் சேர்ந்திருக்கிறது. இப்போதே ஆண்டுக்குரிய புளியையும் மிளகாயையும் வாங்கிவிடலாமா? தீபாவளி அக்டோபர் 20 அன்று வருகிறது. துணி, பலகாரம் என்று ஆகும் செலவுக்குத் தொடர் வைப்பின் தவணையை ஒரு மாதம் மட்டும் நிறுத்திவைக்கலாமா?


கணக்குப்பிள்ளை
2025 ஆகஸ்ட் 18

நிறுத்த வேண்டாம். தவணை தவறினால் வங்கி விதிக்கும் தண்டத்தொகை சிறியதுதான். ஆனால் ஒருமுறை நிறுத்தியவர் தைப்பொங்கலுக்கும் நிறுத்துவார். தீபாவளி போனஸ் வருமானால் துணிக்கு அதிலிருந்து ஒரு பகுதி, வைப்பில் குறைகிற தொகைக்கு ஒரு பகுதி என்று இப்போதே பிரித்து எழுதிவைத்துவிடுங்கள். ஜூனில் 13,900 ஆனதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதத்திலும் 3,000 ரூபாய் போய்ச் சேர்ந்திருக்கிறது.


நாகமலை அம்மா
2025 ஆகஸ்ட் 19

எட்டு டம்ளர் போட்டது என் குற்றம்தான். நான்குக்கு மேல் போடாதே என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

தீபாவளிச் செலவுக்குப் பணம் தேடி வேறு எங்கும் போக வேண்டாம். செப்டம்பர் 17 அன்று புரட்டாசி பிறக்கிறது. உங்கள் வீட்டில் புரட்டாசிக்குக் கவுச்சி கிடையாது என்றால், கறிக்கும் மீனுக்கும் ஒதுக்கும் 2,000 ரூபாய் அந்த மாதம் அப்படியே நிற்கும். அதில் 500 ரூபாயைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் முட்டைக்கும், முட்டையும் ஆகாது என்றால் பனீருக்கும் பயறுக்கும் வைத்துக்கொண்டு, மிச்சம் 1,500 ரூபாயைப் பலகாரத்துக்கு எடுத்துவை. அதிரசத்துக்கு வேண்டிய பச்சரிசியும் சர்க்கரைப் பலகாரத்துக்கு வேண்டிய சர்க்கரையும் ரேஷனில் கிடைப்பதே போதும். சர்க்கரை கிலோ 25 ரூபாய்தானே. முறுக்குக்கு உளுந்து மாவைக் கடையில் பொட்டலமாக வாங்காமல், உளுந்தை வறுத்து அரிசியோடு சேர்த்து மில்லில் அரைத்துக்கொள்.

புளியை ஆவணியில் வாங்காதே. இப்போது கடையில் இருப்பது சென்ற பருவத்துப் புளி. கறுத்திருக்கும், விலையும் ஏறியிருக்கும். புதுப்புளி மாசி, பங்குனியில் வரும். இராமநாதபுரத்து மிளகாயும் அந்தச் சமயத்தில்தான் வரத்து. அதற்குள் உன் கையில் நான்காயிரத்துக்கு மேல் சேர்ந்திருக்கும். கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கி, புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து இரண்டு வெயில் காயவைத்து, அடுக்கடுக்காகக் கல்லுப்பு தூவி மண்பானையில் அமுக்கிவைத்தால் அடுத்த மாசி வரைக்கும் வண்டு வராது. வாங்கும் நாளில் எனக்குத் தகவல் எழுது. மிளகாயில் குண்டு எவ்வளவு, நீட்டு எவ்வளவு என்று உன் வீட்டுக் காரத்தைக் கேட்டுச் சொல்கிறேன்.